நீராவித் திருவிழாவும் இரவுப் படங்களும்

பகலிலே படம் பிடிப்பவனுக்கு ஒளியைப் பற்றிய கவலை அதிகம் இல்லை. சூரியன் ஒருவனே எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக ஒளி வழங்குகின்றான். அந்த ஒளி யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. இரவிலோ நிலைமை வேறு. இரவின் ஒளி யாரோ ஒருவர் உழைத்து உண்டாக்கிய ஒளி. விளக்கை ஒருவர் ஏற்றினார். அதற்கு வேண்டிய எண்ணெயையோ மின்சாரத்தையோ இன்னொருவர் தேடித் தந்தார். ஆகவே இரவிலே படம் பிடிக்க விரும்புகின்றவன் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, ஒளி எவ்வளவு இருக்கின்றது என்பதன்று. அது எங்கிருந்து வருகின்றது என்பதே.

நேயர்களே, இந்தக் கேள்விக்கு விடை கண்ணெதிரே நிற்கும் இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்து நாட்டிலே கோடைகாலந்தோறும் திறந்த வெளிகளில் நடைபெறும் நீராவி விழாக்களையே குறிப்பிடுகின்றேன். தண்டவாளத்தில் ஓடும் புகையிரத எஞ்சின்களுக்கான விழாக்கள் அல்ல இவை. வீதியிலே தம் இரும்புச் சக்கரங்களால் உருண்டு சென்று, வயலை உழுதும், கதிரடிக்கும் பொறியை இயக்கியும், பெருஞ்சுமைகளை இழுத்தும் பணிபுரிந்த பழைய நீராவி எஞ்சின்கள் ஒன்றுகூடும் விழாக்கள். அவற்றோடு இராட்டினங்களும், இசைப்பெட்டிகளும், தின்பண்டக் கடைகளும் சேர்ந்து ஒரு பெருஞ்சந்தையாகவே அமைந்துவிடும். அத்தகைய விழாவை இரவிலே எவ்வாறு படம் பிடிப்பது, ஏன் பிடிக்க வேண்டும் என்னும் இரண்டையும் இன்று விளக்க முயல்கின்றேன்.

இவ்விழாக்களின் தோற்றம் ஒரு வேடிக்கையான பந்தயத்தோடு தொடர்புடையது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், மலிவாகக் கிடைத்த டீசல் லொறிகளும் டிராக்டர்களும் நீராவி எஞ்சின்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பல்லாண்டு உழைத்த எஞ்சின்கள் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டு உடைக்கப்பட்டன. அந்நாளில், 1950ஆம் ஆண்டில், அப்பிள்போர்ட் என்னும் கிராமத்து விவசாயியான ஆதர் நாப்பர் என்பவரும் அவருடைய நண்பர் ஒருவரும், தத்தம் எஞ்சின்களுள் எது விரைவாக ஓடும் என்று பந்தயம் கட்டினர். வெற்றி பெறுபவருக்குப் பரிசு ஒரு சிறு பீப்பாய் பியர். அதைக் காண வந்த கூட்டத்தைக் கண்டபின், இத்தகைய கூடல்கள் பல ஊர்களிலும் நடைபெறலாயின. 1954இல் எஞ்சின் உரிமையாளருக்கென ஒரு தேசிய சங்கமும் தோன்றியது. டோர்செட் மாவட்டத்தில் 1969இல் தொடங்கிய நீராவிச் சந்தை, பிற்காலத்தில் இவ்வகை விழாக்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்தது.

விழாவுக்கு வரும் எஞ்சின்களுள் இரவுக்கென்றே பிறந்த ஒரு குலம் உண்டு. அதற்கு ஷோமன்ஸ் எஞ்சின் என்று பெயர். களியாட்டக்காரரின் எஞ்சின் என்று நாம் கூறலாம். ஊர் ஊராகச் செல்லும் களியாட்டக் குழுவினர் பயணத்தின்போது அதைக் கொண்டு தம் இராட்டினங்களை ஏற்றிய வண்டிகளை இழுத்துச் செல்வர். திடலை அடைந்ததும் அதே எஞ்சின் மின்சார நிலையமாக மாறிவிடும். எஞ்சினின் முன்புறத்தில், புகைபோக்கிக்கு முன்னால், ஒரு தாங்கியின்மீது தைனமோ பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சினின் பெரிய பறப்புச் சக்கரத்திலிருந்து ஒரு நீண்ட பட்டி சென்று அந்தத் தைனமோவைச் சுழற்றும். 110 வோல்ற்று அளவான நேரோட்ட மின்சாரம் பிறக்கும். இராட்டினத்தின் விளக்குகளும் எஞ்சினின் கூரையோரத்தில் வரிசையாகத் தொங்கும் குமிழ்களும் அதனால் எரியும். முறுக்கிய பித்தளைத் தூண்கள் கூரையைத் தாங்கி நிற்கும். புகை மக்களின்மேற் படியாதிருக்கப் புகைபோக்கியின்மேல் ஒரு நீண்ட குழாயைச் செருகி உயர்த்துவர்.

தெட்போர்ட் நகரிலே 1928 வரை இயங்கிய சார்ள்ஸ் பரல் நிறுவனம் இவ்வகை எஞ்சின்களுக்குப் பேர்பெற்றது. லீட்ஸ் நகரத்து பௌலர் நிறுவனம் 1934இல் செய்து முடித்த 'சுப்ரீம்' என்பதே இக்குலத்தின் கடைசி எஞ்சின் என்பர். அதன்பின் புதிதாக ஒன்றும் பிறக்கவில்லை. இன்று விழாக்களில் ஒளிவீசி நிற்பவை அனைத்தும் உடைப்பவர் கையிலிருந்து தப்பியவையும் பின்னர் பழுது நீக்கி அழகுபடுத்தப் பெற்றவையுமாம்.

இப்பொழுது நாம் முதலிற் கேட்ட கேள்விக்கு வருவோம். நம் வீட்டு மின்விளக்கு எரியும்போது அதற்குரிய ஆற்றல் எங்கோ தொலைவிலுள்ள நீர்த்தேக்கத்திலிருந்தோ அனல்மின் நிலையத்திலிருந்தோ வருகின்றது. நாம் அதைக் காண்பதில்லை. நீராவி விழாவிலோ ஒரே பார்வையில் முழுத்தொடரையும் காணலாம். நிலக்கரியை ஒருவன் அள்ளிப் போடுகின்றான், நெருப்பு நீரைக் கொதிக்கச் செய்கின்றது, நீராவி ஆடுதண்டைத் தள்ளுகின்றது, சக்கரம் பட்டியை இழுக்கின்றது, பட்டி தைனமோவைச் சுழற்றுகின்றது, குமிழ் எரிகின்றது. பகலிலே இவ்வெஞ்சினைப் படம் பிடித்தால், வர்ணம் தீட்டிய ஒரு பழம்பொருளின் படமே கிடைக்கும். அது என்ன வேலை செய்கின்றது என்பது இரவிலேதான் புலப்படும். இரவுப் படத்தின் நோக்கமும் இதுவே. உழைப்புக்கும் ஒளிக்கும் இடையேயுள்ள உறவை ஒரே சட்டத்துள் காட்டவேண்டும். பின்வரும் நுட்பங்கள் யாவும் இந்நோக்கத்துக்குத் துணைசெய்வனவே.

இரவிலே படம் பிடிப்பது புதிய கலையன்று. மரச்செதுக்கு வேலையைத் தொழிலாகக் கொண்டிருந்த போல் மார்ட்டின் என்பவர், 1895 - 96ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், இலண்டன் வீதிகளை விளக்கொளியிற் படம் பிடித்துப் புகழ் பெற்றார். பாரிஸ் நகரத்து இரவுகளைப் படம் பிடித்து 1930களின் தொடக்கத்தில் நூலாக வெளியிட்ட பிராசாய் என்பவரோ, தம் சிகரெட்டையே கடிகாரமாகக் கொண்டார் என்று சொல்லப்படுகின்றது. ஒருவகைச் சிகரெட்டுப் புகைந்து முடியும் நேரம் ஒருவித வெளிச்சத்துக்கு. இருள் மிகுந்தால் அதனினும் பருத்த இன்னொரு வகைச் சிகரெட்டு. கதை சிறிதாயினும் அது உணர்த்தும் பாடம் பெரிது. இரவுப் படத்தின் மூலப்பொருள் நேரம் என்பதே அப்பாடம்.

கண்ணுக்கும் கமராவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கின்றது. கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. இருட்டறையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது ஓரளவுக்கு மேல் வெளிச்சமாகத் தோன்றாது. கமராவோ உண்டியலைப் போன்றது. ஷட்டர் திறந்திருக்கும் வரை விழுகின்ற ஒவ்வோர் ஒளித்துளியையும் அது சேர்த்துக்கொண்டே இருக்கும். அதனால் அசையாப் பொருள் வரவரத் துலக்கமாகும். அசையும் பொருள் கோடாகவோ மங்கலாகவோ மாறும். நில்லாது நடப்பவன் முற்றாக மறைந்தும் போவான். இருளில் நம் கண் நிறங்களைச் சரிவர உணராது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பூர்கின்யே என்னும் அறிஞர், மாலை மங்கும்போது சிவப்பு நிறம் கறுத்துத் தோன்றுவதையும் நீலம் எடுப்பாகத் தெரிவதையும் எடுத்துக்காட்டினார். கமராவுக்கு இக்குறை இல்லை. கருஞ்சிவப்பு வர்ணமுடைய எஞ்சின் இரவிலும் கருஞ்சிவப்பாகவே படத்தில் விழும்.

இனிச் செய்முறையைக் கவனிப்போம். இரவுப் படத்துக்கு ஏற்ற வேளை நள்ளிரவு அன்று, அந்திப்பொழுதே. வானம் முற்றாகக் கறுத்துவிட்டால் எஞ்சினின் புகைபோக்கி எங்கே முடிகின்றது, வானம் எங்கே தொடங்குகின்றது என்பது தெரியாது. விளக்குகள் மாத்திரம் கரும்பலகையிலிட்ட புள்ளிகள்போல மிதக்கும். சூரியன் மறைந்தபின், வானத்தில் ஆழ்ந்த நீலம் எஞ்சியிருக்கும்போது, வானத்தின் ஒளியும் குமிழ்களின் ஒளியும் ஏறத்தாழச் சமனாகும் ஒரு சிறுபொழுது வரும். அப்போது புகைபோக்கியின் வடிவமும், புகையின் சுருளும், விளக்கின் செம்மஞ்சளும் ஒருங்கே கிடைக்கும். இங்கிலாந்தின் ஓகஸ்து மாதத்தில் இத்தகைய அந்தி அரை மணிக்கு மேல் நீடிக்கும். நம் நாட்டிலோ சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அது இருபது நிமிடங்கள் சொச்சத்திலே முடிந்துவிடும். ஆதலால் இங்கே படம் பிடிப்பவன் இன்னும் சுறுசுறுப்பாக இருத்தல் வேண்டும். எங்கேயாயினும், பகல் வெளிச்சத்திலேயே திடலைச் சுற்றிவந்து நிற்குமிடத்தைத் தெரிந்துகொள்பவனே அந்திப்பொழுதைப் பயன்படுத்த வல்லவன்.

அடுத்தது ஆட்டமின்மை. ஷட்டர் ஒரு செக்கன் திறந்திருக்குமாயின் கையிற் பிடித்த கமரா நிச்சயம் அசையும். எனவே முக்காலித் தாங்கி இன்றியமையாதது. விரலால் அழுத்தும்போதுகூட அசைவு உண்டாகும். தொடுப்புக் கம்பியையோ, இரண்டு செக்கன் தாமதித்து இயங்கும் தன்னியக்க ஏற்பாட்டையோ பயன்படுத்தலாம். அதிர்வைத் தணிக்கும் ஏற்பாடு வில்லையில் இருந்தால், தாங்கியில் வைத்தபின் அதை நிறுத்திவிடுவது நன்று. தாங்கியை எஞ்சினுக்கு மிக அண்மையில் நாட்டக் கூடாது. பல தொன் எடையுள்ள பொறி வேலை செய்யும்போது நிலமும் மெல்ல அதிரும். தைனமோவைச் சுழற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினே தன் சக்கரங்களின்மேல் சற்று அசைந்தாடும் என்பதையும் மறவாதிருக்க வேண்டும். எஞ்சினின் எழுத்து வேலைப்பாடுகள் துலக்கமாகத் தெரிய வேண்டுமானால் நேரத்தைக் குறைக்க வேண்டும்; அது உயிரோடு இயங்குவதைக் காட்ட வேண்டுமானால் அந்தச் சிறு மங்கலைக் குற்றமாகக் கருதலாகாது.

எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது? தொடக்கமாக ஐ.எஸ்.ஓ. எண்ணை 200 என்றும், வில்லையின் துவாரத்தை எஃப் 8 என்றும், நேரத்தை ஒரு செக்கன் என்றும் வைத்துக்கொண்டு, கிடைக்கும் படத்தைப் பார்த்து ஏற்றி இறக்கலாம். கமராவின் ஒளிமானியை அப்படியே நம்புதல் கூடாது. கருமையான வானம் சட்டத்தில் பெரும்பகுதியை நிரப்பும்போது, அந்த மானி இருளைச் சாம்பல் நிறமாக்க முயன்று அளவுக்கு மேல் ஒளியை விட்டுவிடும். அதன் விளைவாகக் குமிழ்கள் யாவும் வெறும் வெண்திட்டுகளாய்ப் போகும். மானி சொல்வதைவிட ஒரு படியோ இரண்டு படியோ குறைத்து வைப்பதே பெரும்பாலும் பொருந்தும். இரவு இரவாகவே தோன்ற வேண்டும். துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கினால் ஒவ்வொரு குமிழும் கதிர்வீசும் நட்சத்திரமாகும். துவாரத்தின் இதழ்கள் இரட்டைப்படையாயின் கதிர்களும் அத்தனையே. ஒற்றைப்படையாயின் அதன் இருமடங்கு.

சுழலும் இராட்டினத்தைப் படம் பிடிப்பதற்கு ஒரு சிறு கணக்குத் தெரிந்தாற் போதும். பெரிய சக்கர இராட்டினம் ஒன்றின் விளிம்பில் சம இடைவெளியில் 16 விளக்குகள் இருப்பதாகக் கொள்வோம். அது ஒருமுறை சுற்ற 8 செக்கன் எடுக்குமாயின், ஒரு விளக்கு அடுத்த விளக்கின் இடத்தை அடைய அரைச் செக்கன் செல்லும். ஷட்டரை அரைச் செக்கன் திறந்து வைத்தால் ஒவ்வொரு விளக்கும் தன் பங்குக் கோட்டை வரைந்து, எல்லாக் கோடுகளும் ஒன்றோடொன்று முட்டி, முழு வளையம் உண்டாகும். காற்செக்கன் மாத்திரம் திறந்தால் கோடும் இடைவெளியும் மாறி மாறி வரும். சக்கரம் சுழல்கின்றது என்னும் உணர்வு அதில்தான் மிகுதி. நூற்றிலொரு செக்கன் திறந்தாலோ சக்கரம் நின்றுவிட்டது போலவே தோன்றும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து ஒரு சுற்றின் நேரத்தை அளந்து, விளக்குகளை எண்ணி வகுத்துக்கொண்டால், வேண்டிய நேரம் தானே கிடைக்கும்.

இதிலே இன்னொரு நுட்பமும் உண்டு. ஓடும் விளக்கு ஒரே புள்ளியில் தங்குவதில்லை. ஆதலால் நேரத்தை நீட்டினால் கோடு நீளுமேயன்றிப் பிரகாசம் கூடாது. முன் சென்ற விளக்கின் தடத்தின்மேல் அடுத்த விளக்கு வந்து படிந்தாலன்றி அது கூடுவதில்லை. அசையாத விளக்குகளோ நேரம் நீள நீளப் பிரகாசமாகி ஈற்றில் வெளுத்துவிடும. இதனால் ஓடும் விளக்கின் பிரகாசத்தைத் துவாரத்தாலும், அதன் வடிவத்தை நேரத்தாலும் ஆள வேண்டும் என்பது பெறப்படும். இவ்விரண்டையும் பிரித்தறிந்தவனுக்கு இராட்டினம் அடங்கிவிடும்.

இக்காலத்திற் பலரும் கைத்தொலைபேசியாலேயே படம் பிடிக்கின்றனர். அதிலுள்ள இரவு முறை மிகவும் கெட்டிக்காரத்தனமானது. பல குறும்படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்தி, ஒரு தெளிவான படமாக்கித் தருகின்றது. அசையாத எஞ்சினுக்கு அது நன்கு பயன்படும். ஆனால் அசைவைத் தவறு என்று கருதித் திருத்துவதற்கே அது பழக்கப்பட்டிருப்பதால், சுழலும் விளக்குகளின் கோடுகள் துண்டுதுண்டாகச் சிதைவதுண்டு. அசைவையே பொருளாகக் கொண்ட படத்துக்கு, நேரத்தை நம் விருப்பப்படி அமைக்கக்கூடிய கருவியே ஏற்றது.

நீராவியைப் பற்றி ஒரு பொதுப் பிழையான எண்ணம் நிலவுகின்றது. உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் கேத்திலின் மூக்கை ஒட்டி வெற்றிடம்போலத் தெரியும் சிறு பகுதியே நீராவி. அதற்கப்பால் வெண்மையாகத் தெரிவது, குளிர்ந்து நுண்துளிகளாக மாறிய நீர். மாலையிற் காற்றுக் குளிர்வதால் அத்துளிகள் விரைவில் உலராமல் நெடுநேரம் மிதக்கும். பகலில் மெலிந்து மறையும் ஆவிமுகில் இரவில் திரண்டு நிற்பதன் காரணம் இதுவே. இத்துளிகள் தம்மேற் பட்ட ஒளியின் பெரும்பகுதியை முன்னோக்கியே சிதறவிடும் இயல்புடையன. எனவே விளக்குகள் ஆவிமுகிலுக்குப் பின்னால் அமையுமாறு நாம் நிற்போமாயின், அம்முகில் உள்ளிருந்து எரிவதுபோல ஒளிரும். விளக்கு நம் பக்கத்தில் இருந்தால் அது வெறும் பஞ்சுத்திரள்போல உயிரற்றுத் தோன்றும். நேரத்தைப் பதினைந்திலொரு செக்கனுக்குக் குறைத்தால் முகிலின் சுருள்கள் தெரியும். இரண்டு மூன்று செக்கனுக்கு நீட்டினால் அது மென்துகில்போல் வழியும்.

நிறத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். இழை விளக்கின் ஒளி ஏறத்தாழ 2,800 கெல்வின் அளவான செம்மஞ்சள். அந்திவானத்தின் ஒளி அதற்கு நேர்மாறான நீலம். கமராவின் வெள்ளைச் சமநிலையைத் தன்னிச்சையாக விட்டால், அது விளக்கின் செம்மையைப் பழுதெனக் கருதித் துடைத்துவிடவுங்கூடும். அதை 3,500 அளவில் நிறுத்திவைத்தால் விளக்கின் கனிவும் வானத்தின் குளிர்ச்சியும் இரண்டும் கெடாமல் இருக்கும். விளக்குகளின் இயல்பும் கவனிக்கத்தக்கது. எஞ்சினின் தைனமோ தரும் நேரோட்டத்தில் எரியும் இழைக்குமிழ் துடிப்பதில்லை. ஆடலோட்டத்தில் இயங்கும் விளக்குகளும், எல்.ஈ.டி. விளக்குகள் பலவும் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அணைந்தணைந்து எரிகின்றன. மிகக் குறுகிய நேரத்தில் அவற்றைப் படம் பிடித்தால் சில விளக்குகள் அணைந்தவையாகவே விழும். சில வேளைகளிற் படத்தின் குறுக்கே கருங்கோடுகளும் தோன்றும். நேரத்தை ஐம்பதிலொரு செக்கனுக்கு மேல் நீட்டினால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

இவ்விடத்திலே பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தலாமா என்னும் கேள்வி எழும். அமெரிக்கரான வின்ஸ்டன் லிங்க் என்பவர், 1955 முதல் 1960 வரை, நோர்போக் அன்ட் வெஸ்டேர்ண் புகையிரதப் பாதையின் இறுதி நீராவி எஞ்சின்களை இரவிலே படம் பிடித்தார். பாதையோரமெங்கும் கம்பிகளை இழுத்துப் பல பிளாஷ் குமிழ்களைப் பொருத்தி, ஓடும் எஞ்சினை ஒரே கணத்தில் உறைய வைத்தார். 1956இல் மேற்கு வேர்ஜினியாவின் திறந்தவெளிப் படக்கொட்டகை ஒன்றின் அருகே எஞ்சின் பாய்ந்து செல்வதைக் காட்டும் அவரது படத்துக்கு நாற்பதுக்கு மேற்பட்ட குமிழ்கள் தேவைப்பட்டன. அப்படங்கள் அழியாப் புகழுடையன. ஆயினும் அவர் படம் பிடித்த பாதைகள் இருண்டவை. அங்கே ஒளி இல்லை. ஆதலால் அவர் ஒளியைத் தாமே கொண்டுசென்றார். களியாட்டத் திடலிலோ ஒளியே காட்சிப்பொருள். எஞ்சினின் முன்னால் நின்று பிளாஷை வீசுபவன், அந்த எஞ்சின் உழைத்து உண்டாக்கிய ஒளியைத் தன் சட்டைப்பையில் கொண்டுவந்த ஒளியால் அழித்துவிடுகின்றான். அருகிலுள்ள பித்தளை பளிச்சிடும்; பின்னாலுள்ள விழா இருளில் மூழ்கிவிடும். படத்திலே ஓர் எஞ்சின் இருக்கும். அதன் வேலை இராது.

எஞ்சினை இயக்கும் மனிதரையும் மறந்துவிடலாகாது. நெருப்பறையின் கதவைத் திறந்து நிலக்கரி போடும்போது சில செக்கன்களுக்கு மாத்திரம் செந்தழல் அவர் முகத்தில் படும். இரவுப் படங்களுள் இதைவிட அரிய வாய்ப்பு வேறில்லை. அதற்காகப் பொறுமையோடு காத்திருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. எண்ணை 1,600 அளவுக்கு உயர்த்தி, துவாரத்தை அகலத் திறந்து, முப்பதிலொரு செக்கன் அளவில் ஆயத்தமாக நிற்பது தகும். ஒளியானது தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதால், நெருப்பறையை விட்டு அவர் ஓரடி விலகினாலும் முகம் இருண்டுவிடும். எத்தனை நிலக்கரிக்கு ஒருமுறை கதவு திறக்கப்படுகின்றது என்பதைச் சற்று நேரம் கவனித்திருந்தால், அடுத்த முறை எப்போது என்பதை ஊகிக்கலாம்.

இங்கே நுட்பத்தோடு பண்பும் வேண்டப்படுகின்றது. நீராவி எஞ்சின் விளையாட்டுப் பொருளன்று. அழுத்தத்தில் நிற்கும் கொதிகலத்தையும் நீர்மட்டத்தையும் இயக்குபவர் இடையறாது கண்காணிக்க வேண்டும். இருளிலே அவர் கண்ணுக்கு நேரே பிளாஷை வீசுவது அவருக்கு மட்டுமன்றிச் சூழ நிற்போருக்கும் தீங்காக முடியலாம். எஞ்சினுக்கும் தைனமோவுக்கும் இடையே ஓடும் பட்டி, இருளில் எளிதிற் கண்ணுக்குப் படாது. கட்டிய கயிற்றுக்கு அப்பால் ஓரடியும் வைக்கக் கூடாது. முக்காலித் தாங்கியின் கால்கள் பிறர் இடறி விழக் காரணமாகாதவாறு, வழியை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். ஒருவரின் முகத்தை அண்மையிற் படம் பிடிக்குமுன் அவருடைய இசைவைக் கேட்பதே முறை. அப்படிக் கேட்பவனுக்கு, நெருப்பறைக் கதவு எப்போது திறக்கும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இத்தனை முயற்சி எதற்கு என்று சிலர் எண்ணலாம். அதற்கும் விடை கூறி முடிக்கின்றேன். நிலக்கரியால் உலகை ஆண்ட நாடு பிரித்தானியா. அந்நாட்டின் மிகப் பெரிய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கமாக விளங்கிய, வேல்ஸ் பகுதியின் மேர்தர் டிட்வில் நகருக்கு அருகிலிருந்த சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. நிலக்கரியால் இயங்கிய கடைசி மின்நிலையமான ராட்கிளிப், 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி நின்றுவிட்டது. காற்றும் வானமும் தூய்மையாக இருக்க வேண்டுமென்பதற்காக எடுக்கப்பட்ட அம்முடிவை நாம் குறைகூற முடியாது. ஆனால் அதன் விளைவாக விழா எஞ்சின்களுக்கு வேண்டிய நிலக்கரியைக் கடல் கடந்தும் வருவிக்க வேண்டியிருக்கின்றது. எஞ்சின்களின் பழைய இழைக்குமிழ்களுக்குப் பதிலாகச் சிலர் எல்.ஈ.டி. குமிழ்களையும் பூட்டத் தொடங்கிவிட்டனர். எஞ்சின்களை நூதனசாலைகளில் எக்காலத்துக்கும் பேணிவைக்கலாம். ஆயின் நெருப்பு, நீர், சக்கரம், விளக்கு என்னும் அந்த முழுத்தொடரும் ஓரிரவில் ஒன்றுசேர்ந்து இயங்குவதை நூதனசாலையிற் காட்டுதல் அரிது. அதை நாளைய தலைமுறைக்குச் சொல்லப்போகும் சாட்சிகளுள் இரவுப் படமும் ஒன்று. சாட்சி உண்மையானதாக இருக்க வேண்டும். அதனாலேயே அங்குள்ள ஒளியை உள்ளபடி வாங்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்தினேன்.

அத்தகைய விழாவைக் காணும் வாய்ப்பு நம்மிற் பலருக்குக் கிட்டாதிருக்கலாம். எனினும் இங்கே கூறிய விதிகள் எஞ்சினுக்கு மாத்திரம் உரியவையல்ல. அந்தியின் நீலம், நேரத்தின் கணக்கு, பின்னாலிருந்து வரும் ஒளி, பிறர் வேலைக்கு இடையூறு செய்யாமை ஆகியன விளக்கேற்றி விழாவெடுக்கும் எவ்வூருக்கும் பொருந்தும். நம் பிள்ளைகளின் கையிலே இன்று கமரா எளிதாக வந்துவிட்டது. விழாவொன்றுக்குச் செல்லும்போது, ஷட்டரை அழுத்துமுன் ஒரு கணம் நின்று, இந்த விளக்கை எரியவைப்பது யார் என்று சுற்றுமுற்றும் பார்க்க அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போமாக. அந்த ஆளையும் விளக்கையும் ஒரே படத்தில் அடக்கத் தெரிந்த பிள்ளைக்கு இரவுப் படத்தைப் பற்றிக் கற்பிக்க வேண்டியது அதன்பின் அதிகம் இராது.